ஒன்றும் வாங்கக் கூடாத சனிக்கிழமை

மர்ஷூதா டீச்சர் அந்தச் சட்டத்தைப் போட்டிருக்கவே கூடாது. அவர் பிறந்ததும் வளர்ந்ததும் கலியாணம் முடித்ததும் இதே சாய்ந்தமருதில்தான். இந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் கால் வைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கொழும்பில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்ச நாளைக்கு மறந்துபோய்விடுகிறது.

வியாழக்கிழமை கடைசிப் பாடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். சனிக்கிழமை ஊருக்குள் போய் யாருக்காவது ஒரு மணித்தியாலம் உதவி செய்ய வேண்டும். முடிந்ததும் உதவி பெற்றவர் அந்தத் தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். தாளில் இரண்டே வரி: ‘இப்பிள்ளை எனக்கு ஒரு மணித்தியாலம் உதவி செய்தது. பதிலுக்கு என்னிடம் எதுவும் வாங்கவில்லை.’

“தேத்தண்ணி குடிக்கலாமா டீச்சர்?” பரீனா எழுந்து கேட்டாள். சாப்பாட்டு விசயத்தில் அவள் எதையும் சந்தேகத்தில் விடமாட்டாள்.

“தேத்தண்ணியும் கூடா.”

“பச்சத் தண்ணி?”

“வீட்டுலருந்து போத்தல்ல கொண்டு போங்க. தொண்டு எண்டா குடுக்கிறது. வாங்கினா அது கூலி. விளங்கிச்சா? கையெழுத்து வெச்ச தாள சனிக்கிழம பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னம் என்ட வீட்டுல தாறவங்களுக்குப் பேர் பொறிச்ச கேடயம் இரிக்கி.”

கேடயம் என்ற சொல் காதில் விழுந்ததும் அஸ்மியா தாளை மடிக்காமல் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்தாள்.

அதற்குக் காரணம் அவர்கள் வீட்டு ஷோகேஸ். அந்தக் கண்ணாடி அலுமாரியில் பதினொரு கிண்ணங்கள் இருந்தன. பதினொன்றும் மூத்தவளான ராத்தா நஸ்லா வாங்கியவை. பேச்சு, கிராஅத் ஓதல், வலைப்பந்து, கட்டுரை என்று நஸ்லா கையை நீட்டினால் ஒரு கிண்ணம் வந்து விழும். அஸ்மியாவும் எல்லாவற்றிலும் கலந்துகொண்டாள். கலந்துகொண்டதற்கான சான்றிதழ்கள் அவளுடைய மெத்தைக்கு அடியில் தட்டையாகக் கிடந்தன. கீழ்த்தட்டில் ஓரமாக ஓர் இடத்தை விட்டுவைத்து, “இது எங்கட அஸ்மியாக்கு” என்று உம்மா நாலு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன நோன்புப் பெருநாளைக்கு வீடு கழுவியபோது அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியை வைத்துவிட்டார். உம்மா வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் அஸ்மியாவுக்குக் கூடுதலாக வலித்தது.

ஆனால் இந்தக் கேடயத்துக்குக் குரல் வேண்டாம், வேகம் வேண்டாம், மனப்பாடம் வேண்டாம். ஒரு மணித்தியாலம் வேலை செய்தால் போதும். ஒன்றும் வாங்காமல் வந்தால் போதும். இதிலுமா தோற்பேன் என்று நினைத்தபடி வெள்ளி இரவு சிரித்துக்கொண்டே தூங்கினாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் அஸ்மியாவும் பரீனாவும் பள்ளிச் சீருடையில் கடற்கரையில் நின்றார்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலைக்குத் தலைவரான தண்டையல் முகம்மது தம்பியிடம் போய், “மாமா, நாங்களும் இழுக்கிறம்” என்றதும் அவர் மறுக்கவில்லை. கயிற்றில் இன்னும் நாலு கை சேர்ந்தது. ஏலேலோ போட்டு, மணலில் குதிகாலை ஊன்றி, பின்னால் பின்னால் நடந்து, பரீனா இரண்டு தரம் பொத்தென்று விழுந்து, கடைசியில் வலையின் மடி கரைக்கு வந்தபோது இருவருக்கும் உள்ளங்கை சிவந்திருந்தது. அஸ்மியா நனைந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தாளை நீட்டினாள்.

தண்டையல் தாளைப் பார்ப்பதற்கு முன்னரே ஒரு சொப்பிங் பேக்கில் சூடை மீனை அள்ளிப் போட்டார்.

“வாணாம் மாமா, நாங்க ஒண்டும் வாங்கக் கூடா.”

“என்ன புள்ள கதைக்கிறா? கயித்துல கை வெச்ச ஆளுக்குப் பங்கு குடுக்காம அனுப்பினா வலையில பறக்கத் இரிக்குமா? நாளைக்கு மீன் வராட்டி உங்கட டீச்சர் வந்து கடலுக்குள்ள நிண்டு கலைச்சு விடுவாவா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அஸ்மியா பின்னால் நகர்ந்தாள். தண்டையல் முன்னால் வந்தார். அவள் ஓடினாள். அவரும் மீன் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாரனை மடித்துக்கட்டி, அறுபது வயதில் அப்படி ஓர் ஓட்டம் ஓடினார். கட்டி வைத்திருந்த தோணியைச் சுற்றி மூன்று வட்டம். நாலாவது வட்டத்தில் பரீனா குறுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டாள்.

“மனுசன் மூச்சுத் திணறிச் சாகப் போறாரு. பாவமில்லயா?” என்றாள்.

“இனிக் கையெழுத்து?” அஸ்மியா அழாத குறையாகக் கேட்டாள்.

தண்டையல் மூச்சிரைத்தபடியே தாளை வாசித்தார். “வாங்கல்ல எண்டு போட்டிரிக்கி. நீங்க வாங்கிட்டீங்களே. கடலுக்கு முன்னால நிண்டு பொய்யெழுதச் செல்றியா?” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்தது செய்னம்பு மாமி வீடு. மாமிக்குத் தண்ணீர் மோட்டார் பழுதாகி இரண்டு நாள். பிள்ளைகள் இருவரும் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து அள்ளி அள்ளித் தொட்டியை நிரப்பினார்கள். மீன் பையைச் சுமந்துகொண்டு திரிய ஏலாது. வேலையோடு வேலையாக அதை மாமிக்கே கொடுத்துவிட்டால் சுமையும் போகும், சட்டத்துக்கும் பங்கமில்லை என்பது அஸ்மியாவின் யோசனை. யோசனையில் ஒரு குறையும் இல்லை, மாமியிடம்தான் இருந்தது. மாமி மீனைச் சட்டியில் கொட்டினார், பையைக் கழுவினார், வெறும் பையைத் திருப்பிக் கொடுக்க அவரால் ஏலவில்லை. ஆயுள் முழுக்க எந்த வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பி அனுப்பாத மனுசி அவர். பையில் பத்து முட்டையும், பையில் அடங்காத ஒரு கட்டு முருங்கைக்காயும் வந்து சேர்ந்தன.

“மாமி, கையெழுத்து…”

“முருங்கக்கா தந்திட்டு ஒண்டும் தரல்ல எண்டு நான் கையெழுத்து வெச்சா, மறுகா மறுமையில ஆரு பதில் சொல்றது?”

மாளிகைக்காட்டுச் சந்தியில், காரைதீவிலிருந்து வந்து மரக்கறி விற்கும் செல்லத்தங்கம் அக்காவிடம் அஸ்மியா புத்தியாக நடந்துகொண்டாள். முதலிலேயே தாளைக் காட்டி, “அக்கா, நாங்க ஒண்டும் வாங்கமாட்டம். சத்தியம் பண்ணுங்க” என்றாள். செல்லத்தங்கம் அக்காவும் சத்தியம் பண்ணினார். ஒரு மணித்தியாலம் கீரை ஆய்ந்து, பழுத்த இலை கழித்து, கட்டுக் கட்டாய் அடுக்கிக் கொடுத்தார்கள். அக்கா பேனையைக் கேட்டு வாங்கினார். அந்த நேரம் பார்த்துப் பரீனா, “இந்த முருங்கக்காயையும் முட்டையையும் வித்துடுங்க அக்கா, எங்களுக்குத் தூக்க ஏலா” என்று சொல்லித் தொலைத்தாள்.

பேனை அந்தரத்தில் நின்றது. “உங்கட சாமானச் சும்மா எடுக்கிறதோ? நல்ல கதை!” என்ற செல்லத்தங்கம் அக்கா, கடையிலிருந்த பூசணிக்காய்களில் எது பெரிதோ அதைத் தூக்கி அஸ்மியாவின் கையில் வைத்துவிட்டார். “இது முருங்கக்காய்க்கு. சத்தியத்துக்கும் இதுக்கும் தொடர்பில்ல” என்றவர், கையெழுத்து என்றதும் யோசித்துப் பார்த்து, “ஆனா எழுத்தெண்டா வேற, மகள்” என்று பேனையைத் திருப்பிக் கொடுத்தார்.

லுஹர் தொழுகை முடிந்து ஊர் சோற்றுக்குப் போய்விட்டது. பூசணிக்காயை நடுவில் வைத்து இருவரும் பஸ் தரிப்பிடத்தில் குந்தியிருந்தார்கள். காலையிலிருந்து மூன்று மணித்தியாலம் வேலை செய்தாயிற்று, ஒரு கையெழுத்துக் கிடையாது. ஷோகேஸின் கீழ்த்தட்டில் அந்தப் பிளாஸ்டிக் பூ அவளைப் பார்த்துப் பல்லிளிப்பது போலிருந்தது. கொடுப்பதில் இந்த ஊரை வெல்ல யாரால் முடியும்?

“ஒண்டும் தராத மனுசனும் இந்த ஊருல இரிக்காருதானே” என்று பரீனா பூசணிக்காயில் தாளம் போட்டபடி சொன்னாள். “ஒரே ஒராள்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே விளங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்த நிமிடம் பூசணிக்காயும் தாளுமாக மெயின் வீதியில் விழுந்தடித்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பஹ்மி ஹாஜியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். ஆள் கெட்டவரில்லை, பொய் சொல்லமாட்டார், நிறுவையில் குறைக்கமாட்டார். ஆனால் கடைக்கு வருகிறவருக்கு ஒரு மிடறு தண்ணீர் என்ற பேச்சு அவரிடம் கிடையாது. வளைந்த ஆணியை நிமிர்த்தி வைப்பார், சாமான் கட்டி வந்த கயிற்றை முடிச்சவிழ்த்துச் சுருட்டி வைப்பார். அவருடைய வளவுக்குள் வரும் காகமும் பக்கத்து வீட்டில்தான் சாப்பிடும் என்று ஊர் சொல்லும். கசவஞ்சி என்று முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் அதைத் தவிர வேறு பெயர் சொன்னதுமில்லை.

சீருடையையும் தாளையும் கண்டதும் ஹாஜியார் கல்லாவிலிருந்தே கையை ஆட்டினார். “என்ன, சேகரிப்பா? நான் போன மாசமே குடுத்திட்டன். போங்க, போங்க.”

“சேகரிப்பு இல்ல ஹாஜியார். ஒரு மணித்தியாலம் வேல செஞ்சு தருவம். ஒண்டும் வாங்கமாட்டம்.”

“என்னது?”

“ஒண்டும் வாங்கமாட்டம்.”

“இன்னொருக்காச் செல்லு.”

மூன்றாம் தரமும் சொன்னாள். ஹாஜியார் கால் உடைந்து நூல் சுற்றிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை எழுத்தெழுத்தாக வாசித்தார். ‘எதுவும் வாங்கவில்லை’ என்ற இடத்துக்குக் கீழே விரலை ஓட்டினார். “நல்ல சட்டம். இப்பிடியொரு சட்டம் இவ்வளவு நாளும் இல்லாமப் போச்சே” என்றார். பிறகு பூசணிக்காயைப் பார்த்தார்.

“அது… உங்களுக்கு வேணுமா ஹாஜியார்?” அஸ்மியா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“தாறதெண்டா வெச்சிட்டுப் போங்க.”

வாங்கிக்கொண்டார். பதிலுக்கு ஒரு துரும்பும் வரவில்லை. பரீனா அஸ்மியாவின் தொடையில் கிள்ளினாள். அந்தக் கிள்ளலில் அவ்வளவு சந்தோசம்.

இருபது வருசமாகக் கலந்துபோய்க் கிடந்த ஒரு பெரிய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து முன்னால் கவிழ்த்தார். ஆணி, திருகாணி, நட்டு, வளையம் எல்லாம் ஒரே குவியல். இனம் பிரித்துப் போட வேண்டும். இருவரும் சிமெந்துத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்ததும், “காத்து நல்லா வருது” என்று ஹாஜியார் மின்விசிறியை நிறுத்தினார். அஸ்மியாவுக்கு ஆனந்தம் பொங்கியது. பக்கத்துக் கடையிலிருந்து அவருக்கு மட்டும் தேத்தண்ணி வந்தது. அதை அவர் பிள்ளைகளுக்கு முன்னாலேயே ஊதி ஊதி, கடைசிச் சொட்டுவரை குடித்துக் கோப்பையைக் கவிழ்த்தார். ஒரு மனுசன் தேத்தண்ணி குடிப்பதை இவ்வளவு ஆசையோடு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அவர் கை கல்லா மேசையின் லாச்சிப் பக்கம் போகும்போதெல்லாம் இருவரும் திடுக்கிட்டு நிமிர்வார்கள். ஒவ்வொரு தரமும் அதிலிருந்து வந்தது தும்மலுக்கு ஒரு பழந்துணிதான். அல்ஹம்துலில்லாஹ்.

சிறிது நேரம் போனதும் ஹாஜியார் கல்லாவை விட்டிறங்கி, ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினார். அஸ்மியாவின் விரல்கள் கண்ணைக் கேட்காமலே வேலை செய்தன. தொட்ட உடனே அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று தனித்தனி டின்களுக்குள் விழுந்தன.

“கெட்டிக்காரிதான். ஆர்ர மகள் நீ?”

“ரிழ்வான் மாஸ்டர்ர மகள். நஸ்லாட தங்கச்சி.”

“நஸ்லாவா? அது ஆரு?”

அஸ்மியா கையிலிருந்த ஆணியைக் கீழே போட்டுவிட்டாள். நஸ்லாவைத் தெரியாத ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார்! அவளுக்கு ஹாஜியாரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அதன் பிறகு பேச்சு நிற்கவில்லை. தண்டையலின் ஓட்டத்தைச் சொன்னாள், பரீனா அதை ஓடியும் காட்டினாள். செய்னம்பு மாமியின் மறுமையைச் சொன்னாள். செல்லத்தங்கம் அக்காவின் சத்தியத்தைச் சொன்னபோது ஹாஜியார் சிரித்த சிரிப்பில் நூல் கட்டிய கண்ணாடி கழன்று குவியலுக்குள் விழுந்தது. வீதியில் போன இரண்டு பேர், யாருக்கோ வலிப்பு வந்துவிட்டதென்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

“மறுகா ஏன் என்னட்ட வந்தீங்க?” என்று கேட்டார்.

பரீனா வாயைப் பொத்திக்கொண்டாள். அஸ்மியாவுக்கு முகம் சுட்டது. பொய் சொல்ல வரவில்லை, மெய்யும் சொல்ல வரவில்லை. அவள் குனிந்துகொண்டாள். ஹாஜியார் அந்தக் குனிந்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் முட்டாளில்லை.

“சரி, சரி. மணித்தியாலம் முடிஞ்சு. தாளக் கொண்டா” என்று எழுந்து போய்க் கல்லாவில் உட்கார்ந்தார்.

தாளை விரித்தார். பேனையை உதறினார், உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார், எழுதியது. ‘எதுவும் வாங்கவில்லை’க்குப் பக்கத்தில் முனையை வைத்தார். வைத்தவர் எழுதவில்லை. லாச்சியைத் திறந்தார். உள்ளே வெகு தூரம் கையை விட்டுத் துழாவி, ஒரு டொபியை வெளியே எடுத்தார். எந்தப் பெருநாளைக்கு யார் கொடுத்ததோ, உருகி இறுகி, தாளோடு ஒட்டிப்போன சிவப்பு டொபி.

“இந்தா மகள்.”

பரீனா அஸ்மியாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“ஹாஜியார், சட்டம்…” அஸ்மியா தாளைச் சுட்டிக் காட்டினாள். “கேடயம்…”

“ஓம், ஓம். சட்டம் எண்டாச் சட்டம்தான்.” சொன்னார், ஆனால் நீட்டிய கை மடங்கவில்லை. வகுப்பில் தெரியாத கேள்விக்குக் கையைத் தூக்கிவிட்டு, இறக்கவும் வெட்கமாகி நிற்கிற பிள்ளையின் முகம் அவருக்கு. “இந்தக் கடைக்கு வாற எல்லாரும் ஏதாவது கேக்கத்தான் வாறாங்க. கேட்டா எனக்குக் கை வராது, அது என்ட குணம். நீங்க ஒண்டும் கேக்கல்ல. கேக்காத ஆளுக்குக் குடுத்துப் பாப்பம் எண்டு நினைச்சன். இப்ப குடுத்தா வாங்கவும் ஆளில்ல” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அஸ்மியா தாளைப் பார்த்தாள். பேனை பக்கத்திலேயே கிடந்தது. ஒரு ‘வாணாம்’ சொன்னால் போதும், கேடயம் அவளுடையது. அஸருக்கு இன்னும் பத்து நிமிடம்கூட இல்லை. கீழ்த்தட்டும் பூச்சாடியும் உம்மாவும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுசன் வாழ்நாளில் முதல்முறை கையை நீட்டியிருக்கிறாரே, அதுவும் போயும் போயும் இன்றைக்கா!

அவள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். டொபி விழுந்தது.

“ஜஸாக்கல்லாஹ், ஹாஜியார்.”

அவர் பேனையை மூடினார். “இனி இதுல கையெழுத்து வெக்க ஏலாதே.”

“ஏலாதுதான்.”

இருவருக்கும் ஒன்றாகச் சிரிப்பு வந்தது. அஸ்மியா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“எனக்கு ஹாஜியார்?” என்றாள் பரீனா.

ஹாஜியார் லாச்சியை அவசரமாகத் தள்ளி மூடினார். “ஒண்டுதான் இரிந்த.”

மர்ஷூதா டீச்சர் வீட்டு வாசலில் வாழைக்குலை, தேங்காய், ஒரு கட்டிப்போட்ட சேவல் சகிதம் பாதி வகுப்பு நின்றது. கையெழுத்து வாங்கியவர்கள் ஐந்தே பேர். டீச்சர் வெறும் தாளை வாங்கிப் பார்த்து, “நீயுமா அஸ்மியா? நீ என்ன வாங்கின?” என்றார்.

“டொபி.”

“ஒரு டொபியா? ஆரு தந்த?”

“பஹ்மி ஹாஜியார்.”

சேவல்கூட அந்த நேரம் வாயை மூடிக்கொண்டது. “அல்லாஹ்ட பள்ளிவாசலுக்கு நேராக் கையக் காட்டிச் செல்லு” என்றான் வகுப்பில் கூடப் படிக்கும் ஹாதிக். அஸ்மியா டொபியை முடிந்து வைத்திருந்த கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினாள். டீச்சர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து அஸ்மியாவைப் பார்த்தார். அவருக்குப் பிடித்த சட்டத்தை அவர் மாற்றவில்லை. கேடயம் ஐந்து பேருக்குத்தான். ஆனால் அந்த ஐந்து பேரும் தாளைக் கீழே போட்டுவிட்டு டொபியைப் பார்க்க முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் உம்மா கதையை இரண்டு தரம் கேட்டார். எழுந்து போய், ஷோகேஸைத் திறந்து, பூச்சாடியை எடுத்து வெளியே வைத்தார். விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பூப்போட்ட சின்னப் பீங்கான் தட்டில் டொபியை வைத்து, கீழ்த்தட்டின் ஓரத்தில் அமர்த்திக் கண்ணாடியை மூடினார்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் பக்கத்து வளவு, பிறகு முழு ஒழுங்கை, பிறகு கல்முனையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்த சாச்சி குடும்பம். பதினொரு கிண்ணங்களுக்கும் நடுவால் குனிந்து, “இதுவா?” என்று கேட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நஸ்லாவுக்கு முதலில் முகம் ஒரு முழம் நீண்டது. பிறகு அவளே கதவடியில் நின்று, “தள்ளாம வாங்க, கண்ணாடியத் தொடாதீங்க, என்ட தங்கச்சிக்குத்தான் தந்த” என்று வரிசை பார்த்தாள். பேச்சுப் போட்டியில் முதலாமிடம் வாங்கிய குரலல்லவா, ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, பஹ்மி ஹாஜியாரே கேற்றடியில் வந்து நின்றார். வீடு கலங்கிவிட்டது. “திருப்பிக் கேக்கத்தான் வந்திரிக்காரு” என்று பரீனா அஸ்மியாவின் காதில் சொன்னாள். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதிரை போட்டார். அவர் உட்காரவில்லை. நேரே ஷோகேஸுக்கு முன்னால் போய் நின்றார். பூப்போட்ட தட்டையும் அதற்குள் தன்னுடைய டொபியையும் வெகு நேரம் பார்த்தார். நூல் கட்டிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“திங்கல்லயா மகள்?”

“இல்ல ஹாஜியார். வெச்சிரிக்கன்.”

அவர் சட்டைப் பையில் கையை விட்டார். இன்னொரு டொபி வந்தது. இது புதிது; பக்கத்துக் கடையில் வாங்கியது.

“அது பாக்கிறத்துக்கு. இது திங்கிறத்துக்கு. கூட்டாளிப் புள்ளயோட பாதி பாதி” என்று கொடுத்தார். வாசல்வரை போய், செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார். “அந்த டின் இன்னும் முடியல்லதானே. நாளைக்குச் சனிக்கிழம.”

“வாறன் ஹாஜியார். ஆனாத் தாள் கொண்டுவரமாட்டன்.”

ஹாஜியாருக்கு அது பிடித்திருந்தது. தலையை ஆட்டிவிட்டு, வாசல் ஓரத்தில் கிடந்த ஒரு வளைந்த ஆணியைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அஸ்மியாவும் பரீனாவும் டொபியைக் கடித்துப் பிரித்தார்கள். பிரிந்தது சரிபாதியில்லை, பரீனாவுக்குத்தான் பெரியது. என்ன சொல்லிவிட்டுப் போகிறார் என்று நஸ்லா மூன்று தரம் கேட்டாள். பல்லெல்லாம் ஒட்டிப்போய் இருவராலும் வாயைத் திறக்க முடியவில்லை.